வெள்ளிக்கிழமைச் சம்பல்

நஜ்முன் நிஸாதான் எங்கள் கடையின் தலைவி என்பதைக் கண்டுபிடிக்க, சாப்பிட வருகிறவர்களுக்குக் குறைந்தது ஒரு கிழமை பிடிக்கும். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் மாதர் சங்கம் நடத்துகிற சிற்றுண்டிக் கடை அது. வேலை செய்வது எட்டுப் பெண்கள். வாசலில் காற்றாடிக்குக் கீழே காசு மேசையும் நல்லதொரு கதிரையும் உண்டு. தலைவி அங்கேதான் இருப்பாள் என்று எல்லாரும் நினைப்பார்கள். அவளோ குசினியின் கடைக்கோடியில், வெக்கை நேரே முகத்தில் அடிக்கிற இடியப்ப அடுப்பில் நிற்பாள். அந்த அடுப்பில் நிற்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை, ஆகவே அவள் நின்றாள். இதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவேயில்லை.

என் பெயர் ஜெயரூபி, ஊர் சாம்பல்தீவு. நஜ்முனைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவள். என் வாயைப் பற்றி ஊரில் கதை உண்டு. அதில் பாதி உண்மை, மற்றப் பாதியும் உண்மைதான். நஜ்முனிடம் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. கறியில் உப்புக் கூடினால், நாங்கள் கூடப் போட்டுவிட்டோம் என்று வந்தவர்களிடம் சொல்வாள். நான் உப்புப் போத்தலின் பக்கமே போயிருக்க மாட்டேன். கறி நன்றாக இருந்தால் மட்டும், அது அசனா வைத்தது என்று ஆளின் பெயரைச் சொல்வாள். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நினைத்தேன்.

வருட முடிவில் சங்கம் புதுத் தலைவியைத் தெரிவு செய்ய இருந்தது. இரண்டு வருடம் போதும் என்று நஜ்முன் முதலே சொல்லிவிட்டாள். அந்த இடம் எனக்கு வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது, ஆசைப்பட்டேன். தங்கையின் கலியாணத்துக்குப் பத்து நாள் லீவில் போகும்போது அவள் கடையை என்னிடம் விட்டுப் போனாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல் இருந்தது எனக்கு.

முதல் நாளே ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். யார் எத்தனை மணிக்கு வருவது, எங்கே நிற்பது, தேத்தண்ணி குடிக்க எத்தனை நிமிடம், எல்லாம் அதில் இருந்தது. பழைய தொழிற்சாலை விசிலைத் தேடியெடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வேலை நேரத்தில் கேள்வி கேட்பது நேர விரயம் என்றும் அறிவித்தேன். இரண்டே நாளில் கடை பட்டாளம் போல ஓடியது. நான் காற்றாடிக்குக் கீழே இருந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குலசிங்கம் ஐயா வந்தார். கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் சபையில் இருக்கிறவர். உவர்மலையில் மகன் கட்டிய வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலை குடிபுகுதலாம். நானூறு இடியப்பம், சொதி, சம்பல். சுத்த மரக்கறிச் சாப்பாடு. இது சரிவந்தால் திருவிழாக் காலத்துச் சாப்பாட்டையும் எங்களுக்கே தருவதாகச் சொன்னார். நான் தலைவியானது போலவே ஆகிவிட்டது.

எங்கள் குசினிக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாட்களில் சம்பலுக்கு மாசிக் கருவாடு சேர்த்து இடிப்போம். வெள்ளிக்கிழமை மீனும் இல்லை, மாசியும் இல்லை. வியாழன் பின்னேரம் நஜ்முன் உரலைப் புளி போட்டு இரண்டு தரம் கழுவுவாள். மாசி டின்னை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். அவள் கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் பிள்ளை, ஆனாலும் இரண்டு வருடத்தில் ஒரு வியாழனும் மறந்ததில்லை. பிறந்தது முதல் வெள்ளி விரதம் பிடிக்கிற எனக்கு அதையெல்லாம் ஒருவர் நினைவூட்டத் தேவையில்லை என்று இருந்தேன்.

வியாழன் மத்தியானம் குசினிக்குள் போனேன். நிப்லா சம்பலுக்கு இடித்துக்கொண்டு நின்றாள். இவளும் கிண்ணியாக்காரி, இரண்டு வயதுக் குழந்தையின் தாய். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். புருஷன் கடலுக்குப் போகாத நாட்களில் அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். நாளைக்கு நானூறு இடியப்பம் இருக்கிறதே என்ற யோசனையில், தேங்காய்ப்பூ சேர்க்க முதல் இடிக்கிற மிளகாய்க் கூட்டை இரண்டு மடங்காக இடித்துப் பாதியை நாளைக்கு எடுத்து வைக்கச் சொன்னேன். விடிய எழும்பி இடிக்கிற வேலை மிச்சம் என்பது என் கணக்கு.

"அக்கா, இதுல..." என்று அவள் தொடங்கினாள்.

நான் விசிலை ஊதினேன். அவள் வாயை மூடிக்கொண்டு உலக்கையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அட்டவணைப்படி நிப்லாவுக்கு எட்டு மணிக்குத்தான் வேலை. அதற்கு முன்பே அந்தக் கூட்டில் நானே தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிசைந்து, வாளியை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன். எட்டரைக்கு ஐயாவின் அழைப்பு வந்தது. சம்பலுக்குள் மாசி. பந்தியில் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நாற்பது வருடமாக மீன் மச்சம் தொடாத அவருடைய தங்கை குணேஸ்வரியும் சாப்பிட்டுவிட்டா. அவர் கத்தவில்லை. யார் செய்தது என்று மட்டும் கேட்டார்.

திருவிழாச் சாப்பாடும் தலைவிப் பதவியும் ஒன்றாகக் கையை விட்டுப் போவது தெரிந்தது.

"புதுப் பிள்ளை ஒண்டு ஐயா. நிப்லா எண்டு பேர்" என்றேன்.

"ஓ, அப்பிடியே" என்றார். "அவையளுக்கு எங்கட பழக்கம் எங்கை தெரியப்போகுது. அந்தப் பிள்ளையை நிப்பாட்டிப் போடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தார்.

திரும்பினேன். நிப்லா பின்னால் நின்றாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள், கையைக் கழுவினாள், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் அழுதிருந்தாலாவது திட்டியிருப்பேன். அசனா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்தப் புள்ள நேத்தே உங்கக்கிட்ட கேட்டது அக்கா. எனக்கும் காதுல உழுந்தது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாசி போட்டது அவள்தானே என்று வாதாடிப் பார்த்தேன். அந்த உரலில் மாசி கிடந்ததை நானும்தானே கண்ணால் பார்த்தேன் என்று பதிலும் எனக்குள்ளேயே வந்தது. ஐயா சொன்ன அந்த வசனம் வேறு காதுக்குள்ளேயே நின்றது. பழக்கம் தெரியாதாம். இரண்டு வருடமாக உரலைக் கழுவியவள் யார், ஒரே வியாழனில் அதைக் கெடுத்தவள் யார்? வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் எனக்கு அதிகம் பழக்கமில்லாத உணர்ச்சி அது. தாங்க முடியவில்லை.

ஓட்டோ பிடித்து உவர்மலைக்குப் போனேன். ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் முன் விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர் இருந்து நிப்லாவைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெயரை வைத்து ஊர் வரைக்கும் போய்விட்டது கதை. தனியாகச் சொல்லி இனிப் பிரயோசனமில்லை.

"ஐயா, போனிலை சொன்னது பொய். அந்தப் பிள்ளை என்னட்டைக் கேட்டவ, நான்தான் வாயை மூடப் பண்ணினனான். சம்பலைப் பிசைஞ்சு அனுப்பினதும் நான். பழக்கம் தெரியாமல் நடந்தது நான்தான்."

ஐயா திருவிழாச் சாப்பாட்டுக்கு வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொன்னார். நியாயம்தான். அந்தப் பிள்ளையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். தலை முழுகிவிட்டு வந்த குணேஸ்வரி அம்மா ஈரத் துவாயோடு கதவு நிலையில் நின்று, மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதுதான் தனக்குப் பெரிய கவலை என்று பெருமூச்சு விட்டா. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ் புறப்பட நின்றது. நிப்லா யன்னல் ஓரத்தில் இருந்தாள். ஏறி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பஸ் நிறையச் சனம்.

"நான் போய் உண்மையைச் சொல்லிப் போட்டன். பிழை என்ரை. நீர் வேலைக்கு வாரும்."

அவள் யன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள். "நான் கேட்டன்தானே. நீங்க சொல்ல விடல்ல."

"ஓம். இப்ப சொல்லும். கேக்கிறன்."

சொன்னாள். மாசியில் தொடங்கினாள். அட்டவணைப்படி வந்தால் குழந்தைக்குப் பால் கொடுக்க நேரமில்லை என்றாள். விசில் சத்தத்தில் அசனா திடுக்கிட்டு இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டாள் என்றாள். எனக்கு அது தெரியாது. மறுத்துச் சொல்ல மூன்று இடத்தில் வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது. கண்டக்டர் ரிக்கற் கேட்டார். இறங்கினால் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள் என்று பயந்து, கிண்ணியாவுக்கு ஒன்று என்றேன். சீனன்குடா போனது, வெள்ளைமணல் போனது, அவள் முடிக்கவில்லை. பக்கத்துச் சீட்டு மனிசி தன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டா. இருந்து கேட்டேன். பன்னிரண்டு வருடம் மேற்பார்வை பார்த்தவள் ஒரு ஆள் கதைத்து முடிக்கும்வரை கேட்டிருந்தது அதுதான் முதல் தடவை.

பாலத்தில் ஏறியபோது அவள் ஓய்ந்தாள். கீழே தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு எத்தின மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

எட்டு மணி என்று நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நீரே சொல்லும்" என்றேன்.

அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். "புள்ளைக்குப் பாலக் குடுத்துட்டு எட்டரை பஸ்ஸுல வாறன். நான் வாற வரைக்கும் இடியப்ப அடுப்புல நீங்க நில்லுங்க."

சரி என்றேன்.