ஒரே போனிலிருந்து ஐந்து பேர்

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் மருமகன் உதவித்தொகை அலுவலகத்தில் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறார். ஆன்லைனில் கல்லூரிப் பாடம் படிப்பவர்களுக்கு வரும் பணத்தை, இல்லாத ஆட்களின் பெயரில் விண்ணப்பித்துச் சில கும்பல்கள் சுருட்டுகின்றனவாம்.

“நேத்து வீடியோ விசாரணையில ஒரு பொம்பள ஒரே அழுகை, மாமா. நிஜ ஆளா இருந்தா பாவந்தான்” என்றார், தட்டை நகர்த்திவிட்டு.

அந்த ‘இருந்தா’ என்னை விடவில்லை. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கும். கதையாக எழுதுவது சுலபம்.

2

முதல் தொடக்கம்: ‘வெள்ளைத் துணிகளின் கடல் நடுவே அவள்…’

வேண்டாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த யாரும் அதைக் கடல் என்று சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது: அவள் போர்வை மடிக்கிறாள். மறுமுனையைப் பிடித்திருப்பவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேல்மாடிகளிலிருந்து அழுக்குத் துணி குழாய் வழியாகக் கீழே வந்து விழும். கீழே இருப்பவர்கள் மேலே போக அப்படி ஒரு குழாய் கிடையாது. அவள் படிப்பை நம்பினாள். ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பு, ஆன்லைனில். உதவித்தொகை கிடைத்தது, முதல் பருவம் தேறினாள். அதைப் பார்த்துக் கூடத்திலிருந்த மற்ற நான்கு பெண்களும் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்களுக்கும் போட்டுக் குடுங்கக்கா.”

கேமரா ஒழுங்காக வேலை செய்யும் போன் அவளிடம்தான் இருந்தது. துணி மூட்டைமேல் உட்கார்ந்து நான்கு பேருக்கும் அவளே விண்ணப்பித்தாள். ‘ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கும் அவளே பதில் எழுதினாள்.

“என் வீட்டுக்காரன் ஓடிப்போனதப் போடுங்கக்கா. என்னா ஓட்டம் ஓடினான் தெரியுமா!” என்றாள் வாயாடி.

அது மரியாதையாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று எழுதினாள். நான்கு பேருக்கும் அதையே எழுதினாள்.

(இந்த இடத்தில் வாயாடியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். கதையில் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான். இருக்கட்டும்.)

3

வீடியோ விசாரணை. சோப்புத்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். மறுபக்கம் அதிகாரி. (என் மருமகனின் முகத்தைத்தான் கொடுத்திருக்கிறேன். வேறு முகம் வரவில்லை.)

“அஞ்சு விண்ணப்பமும் ஒரே போன்லேருந்து வந்திருக்கு, மேடம். எல்லாம் ஒரே கை எழுதின மாதிரி இருக்கு.”

“நான்தான் சார் எழுதிக் குடுத்தேன்.”

அந்த வாயை நான் பொத்தியிருக்க வேண்டும்.

“அப்ப மத்த நாலு பேரும் நீங்க உண்டாக்கினவங்க.”

“ஐயோ, இதோ நிக்கிறாங்க சார்!”

போனைத் திருப்பினாள். வாயாடி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

“இப்பல்லாம் முகத்தையும் கம்ப்யூட்டர்லயே செஞ்சிடுறாங்க. நீங்க நிஜ ஆளுங்கிறதுக்கே என்ன சாட்சி? உங்க கூட்டத்துல இல்லாத வெளியாள் ஒருத்தர் சொல்லட்டும். நாளைக்குள்ள. இல்லன்னா பணம் நிக்கும், படிப்பும் நிக்கும்.”

அவள் அழுதாள். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் பார்த்த எத்தனையாவது அழுகையோ அது.

சூப்பர்வைசரிடம் போனாள்.

“காண்ட்ராக்ட் ஆளுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நீ எங்க ஆளே இல்லையே.”

4

முடிவு அ: சூப்பர்வைசர் மனம் மாறி… அடித்துவிட்டேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: மற்ற நால்வரும் பொய் என்று எழுதிக் கொடுத்து அவள் மட்டும் தப்பிக்கிறாள். ‘அந்த நால்வரும் நான் உண்டாக்கிய…’ என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் அவள் மசியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிவு இ: நானே சாட்சி சொல்லப் போகிறேன். இதுவரை எழுதியதை மருமகன் படித்துப் பார்க்கிறார்.

“மாமா, உங்க அஞ்சு பேரும் ஒரே மெஷின்லேருந்துதானே வந்திருக்காங்க?”

உண்மைதான். என் சாட்சி செல்லாது. அவர்களை உண்டாக்கியவனே நான்; அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நிஜத்தில் அழுத அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை இந்நேரம் மூடியிருப்பார்கள். அவள் யாரென்று ஒரு வார்த்தை கேட்காமல் கை கழுவிக்கொண்டு எழுந்தவன் நான்.

5

மிச்சம் இருப்பது நீங்கள்தான். வேறு வீட்டில், வேறு போனில் இதைப் படிக்கிறீர்கள். அதிகாரி கேட்ட வெளியாள் நீங்கள்.

அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். போர்வையை மடிப்பதை நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள். உங்களை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் தயங்குகிறாள்.

“நாங்க இருக்கோம்னு ஒரு வார்த்தை…”

மறுமுனையை வாயாடி வெடுக்கென்று இழுக்கிறாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

“விடுங்கக்கா. அவங்க நம்மள எங்க பாத்தாங்க? படிச்சாங்க, அவ்வளவுதான்.”