நாலு புள்ளி பத்து

ஜேடர்பாளையத்துக் கல்யாண மண்டப வேலையில் முன்வரிசைப் பில்லர் குழிகள் பதினாலு. பத்தாவது குழி நிரம்பியதும் காங்கிரீட் தீர்ந்துபோனது. லாரிக்காரன் தொட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டான். காலியாகக் கிடந்த நாலு குழிகளையும் காண்ட்ராக்டர் குணசீலன் பார்த்தார். அப்புறம் மதுமதியைப் பார்த்தார். எஸ்டிமேட் போட சாப்ட்வேர் வாங்கியே ஆக வேண்டும் என்று ஆறு மாதம் அவரை நச்சரித்தவள் அவள்தான்.

"நாளையில இருந்து பழையபடி கைக்கணக்குதான் அம்மிணி. அந்தப் பொட்டிய மூடி வெச்சிரு."

"பார்முலா சரிதானுங்கண்ணா. தப்பு வேற எங்கயோ இருக்குது. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மதுமதிக்கு அது போதும். சாப்ட்வேர் போனால் தன் இன்ஜினியர் வேலை பில் அடுக்குவதோடு முடிந்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்கா நாலு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்தாள்?

சைட் ஷெட்டில் லேப்டாப்பைத் திறந்தாள். நீளம், அகலம், உயரம், எண்ணிக்கை, நாலையும் பெருக்கு. அவ்வளவுதான் பார்முலா. இதில் பிழை கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. அதையே முறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தாள், காலிக் குழிக்குள் இறங்கினாள். நாலு அடி பத்து அங்குலம். மறுபக்கமும் அதே அளவு. ஷெட்டுக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். நீளமும் அகலமும் 4.1 என்றிருந்தன.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பக்கத்து மேஸ்திரிகள் அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்துத்தான் அளவு எழுதுவார்கள். கந்தன் மேஸ்திரியும் வாட்ஸ்அப்பில் 4.10 என்றே அனுப்பியிருந்தார். அதை அவள் அப்படியே ஒட்டினாள். சாப்ட்வேருக்கு அங்குலமாவது ஒன்றாவது. கடைசிச் சைபரை வேண்டாத விருந்தாளி மாதிரி வெளியே தள்ளிவிட்டு, நாலு அடியும் அடியில் பத்தில் ஒரு பங்கும் என்று எடுத்துக்கொண்டது. பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது அங்குலம் அதோடு போயிற்று.

கந்தன் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "நாந்தான் தப்பா அனுப்பிட்டனுங்களா மேடம்?"

ஒரு தலையாட்டலில் பழியை அவர்மேல் போட்டிருக்கலாம். குணசீலனும் நம்பியிருப்பார்.

"நீங்க சரியாத்தான் அனுப்புனீங்க. பார்க்காம போட்டது நானுங்க," என்றாள், குணசீலன் காதில் விழும்படி. சொல்லும்போது அவமானமாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்குத் தனிக் கட்டம். அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்து அடியோடு கூட்டச் சொல்லி பார்முலா எழுதினாள். பழைய குழிகளுக்கே ஓட்டிப் பார்த்தாள். வந்து இறங்கிய காங்கிரீட் பத்துக் குழிக்குத்தான் காணும் என்று சொன்னது. குணசீலனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

மிச்சக் குழிகளோடு பின்வரிசைக் குழிகளையும் சேர்த்து மறுநாள் ஆர்டர் சொல்ல வேண்டும். "எதுக்கும் ஒரு லோடு சேத்திச் சொல்லிரலாம்," என்றார் அவர்.

"வேண்டாங்கண்ணா. இதே அளவச் சொல்லுங்க. மறுபடி கொறைஞ்சா என்னைய எதுவுங் கேக்காதீங்க, நானே போயிர்றேன்."

அவள் சொன்ன அளவையே போனில் சொன்னார். மறுநாள் கடைசிக் குழியும் விளிம்பு வரை நிரம்பியது. லாரியில் சுரண்டினால் நாலு சட்டிகூடத் தேறாது. கந்தன் மட்டப்பலகை இழுத்து முடிக்கும் வரை குணசீலன் குழி ஓரத்திலேயே நின்று பார்த்தார்.

"எங்க ஊட்டு மேல மாடி எடுக்கறமுங்கறது உனக்குத் தெரியுமல்ல அம்மிணி," என்றார் அப்புறம். "ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டியோட வந்துரு. அளவு நீதான் எடுக்கோணும்."