அங்கெபோட் என்று வந்த கடிதம்

கொறற்றி அக்காவின் எட்டுகள் மூன்றுகளாகி மூன்று வாரமாகிறது. ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் களஞ்சிய அலுவலகத்தில் பொருள் இலக்கங்களைக் கணினியில் பதிவது அவவின் வேலை. போன கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்கு ஊன்றுகோல்களுக்குப் பதிலாக நாற்பது பூச்சாடிகள் போய்விட்டன. இன்று பத்து மணிக்கு மேலாளர் பிராண்ட் அக்காவை அழைத்திருந்தார். மாத முடிவோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. அவர் அதை நீட்டவேண்டும்.

"கண் தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றேன்.

"உனக்கென்ன விசரோ கம்சனா? அடுத்த நிமிசமே வேலையால அனுப்பிப்போடுவான்."

"ஏலாது. திரையில வேலை செய்யிற ஆக்களுக்குக் கண் சோதனை ஒழுங்கு செய்யவேணும் எண்டு சட்டம் இருக்கு. தை மாதம் எல்லாருக்கும் கடிதம் வந்ததே? மேலை அங்கெபோட் எண்டு போட்டு?"

அக்காவின் முகம் வெளிறியது.

"அதுவோ? கண்ணாடிக் கடைக்காரன்ரை மலிவு விற்பனை எண்டெல்லோ நினைச்சன். கோழிக்கால் அங்கெபோட்டோடை சேர்த்துக் குப்பையில போட்டிட்டன்."

சிரிப்பு வந்தது, ஆனால் மணி பத்தாகிவிட்டிருந்தது. அங்கெபோட் என்றால் ஜேர்மன் மொழியான டொச்சில் 'தர முன்வருவது'; எங்கள் வீடுகளில் அது கடைகளின் விலைகுறைப்புத் தாள்தான். அந்தக் கடிதத்திலோ, சோதனை செய்து தருகிறோம், வருகிறீர்களா என்று நிறுவனம் கேட்டிருந்தது.

துணைக்கு நானும் போனேன். பிராண்ட் ஒரு தாளை மேசையில் தள்ளினார்.

"கவனக்குறைவுக்கான எச்சரிக்கை. வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், திருமதி செல்வரட்ணம்."

அக்கா தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தா. பிறகு மூக்கருகே கொண்டுவந்தா.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதடி," என்று என்னிடம் முணுமுணுத்தா.

"அதை அவரிட்டைச் சொல்லுங்கோ."

பேனையை எடுத்தா. அது தாளைத் தொடப்போனது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தா.

"எனக்குத் திரை தெரியவில்லை," என்றா டொச்சில். "நத்தாரிலிருந்து. பயத்தில் சொல்லவில்லை."

பிராண்ட் கோப்பைப் புரட்டினார். "தை மாதமே கேட்டோம். நீங்கள் பதில் தரவில்லை. எங்கள் கடமை முடிந்தது."

"ஒருமுறை வராவிட்டால் கடமை முடிந்துவிடாது," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "தொடர்ந்து கேட்கவேண்டும். இப்போது இவரே சோதனை கேட்கிறார்."

பிராண்ட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிறுவன வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். வியாழன் ஒன்பது மணிக்குக் கண் சோதனை.

"ஒப்பந்தம்?" என்றா அக்கா, எழும்பாமல்.

"மூன்று மாதம் நீட்டுகிறேன். பிறகு பார்ப்போம்."

"எழுதித் தாருங்கள்."

எழுதித் தந்தார். வெளியே வந்ததும் அக்கா படியில் இருந்துவிட்டா.

"கண்ணாடியும் அவங்களே தருவினம்?"

"திரைக்கெண்டு தனிக் கண்ணாடி வேணுமெண்டு வைத்தியர் சொன்னால், ஓம்."

"அப்ப நான் ஏனடி இவ்வளவு நாளும் கண்ணைச் சுகமாக்கித் தா எண்டு மடு மாதாவை மட்டும் கும்பிட்டு ஆக்கினைப்படுத்தினனான்?"