அழித்துக் கொடுத்த கணக்கு

நூற்றுக்கு நாற்பது. தாளின் மூலையில் சிவப்பு மையில் இருந்ததைக் கிரேன் ஓட்டுநர் குனிந்து இன்னொரு தடவை படித்தார். வேறு பள்ளியிலிருந்து மாறி வருகிற பிள்ளை கணக்குத் தேர்வில் ஐம்பது எடுத்தால்தான் பத்தாம் வகுப்பு. இல்லையென்றால் ஒன்பதிலேயே இன்னொரு வருடம். வேலை மாற்றலாகி ஊர் மாறுகிறோம் என்றதும் மகள் அழுத அழுகைக்கு, "உனக்கு ஒரு வருஷம்கூட வீணாகாது, நான் பொறுப்பு" என்று வாய் கிழியச் சத்தியம் செய்திருந்தார் மனிதர். அந்த மகள், வீடே சில்வண்டு என்று கூப்பிடுகிற வாயாடி, இப்போது பக்கத்து நாற்காலியில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்துக் கணக்குக்கும் விடை சரிதாங்க," என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கணக்கு மேடம். "ஆனா விடைக்கு நாலு மார்க்தான். மீதி ஆறு, படிப்படியா போட்டுக் காட்டுறதுக்கு. இவ ஒரு வரிகூடக் காட்டல. பாத்து எழுதினாளோன்னு சந்தேகம் வருமா, வராதா?"

"எம் பொண்ணு அப்படிச் செய்ய மாட்டா மேடம்."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க."

அவர் தாளைக் கையில் வாங்கினார். விரலுக்குச் சொரசொரவென்றிருந்தது. மடிப்பிலிருந்து ரப்பர் துகள் கொஞ்சம் மடியில் உதிர்ந்தது.

ரப்பர் சார்! அப்பாவுக்கும் மகளுக்கும் பழைய பள்ளியில் கணக்கு எடுத்தவர் அவர் ஒருவர்தான். அப்பா காலத்தில் சார் தலை கறுப்பு, மகள் காலத்தில் வெள்ளை, மற்றபடி அதே மனிதர். பரீட்சையின் கடைசிப் பத்து நிமிடம் நாற்பது பேரும் போட்டதையெல்லாம் அழித்து, விடையை மட்டும் விட்டு, தாளை ஊதிக் கொடுக்க வேண்டும். "சமைச்சு முடிச்சா அடுப்பைத் துடைக்க வேணாமா? சாப்பிட வர்றவனுக்குக் கரி எதுக்குடா?" என்பார். தன் ரப்பரைப் பல்லால் கடித்துப் பாதி கொடுத்த பெஞ்சு நண்பன் இப்போது எங்கே இருக்கிறானோ. அந்த வகுப்பில் இன்னும் ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரலாம் போலிருந்தது அவருக்கு. மகள் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் அழிச்சியாடி?"

"பின்ன? அழிக்காம குடுத்தா திட்டு விழும்லப்பா?"

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துக் காட்டினார். பென்சில் அழுத்திய தடம் வரிவரியாகத் தெரிந்தது. மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழிச்சதுக்கு மார்க் போட எனக்கு அதிகாரம் இல்லீங்க. ஆனா சந்தேகம் வந்தா நேர்ல ஒரு கணக்கு கொடுத்துப் பாத்துட்டு மார்க்கைத் திருத்தலாம், அதுக்கு விதி இருக்கு. ஏம்மா, ஏழாவதைப் பலகையில போடு."

சில்வண்டு மளமளவென்று போட்டாள். அந்த நேரம் பார்த்து எழுத்தர் கையெழுத்துக்கு ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்து நின்றார். மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால் பலகை பளிச்சென்றிருந்தது. நடுவில் விடை மட்டும், அடியில் இரண்டு கோடு. சமர்த்துப் பிள்ளை என்று அப்பாவும் மனதுக்குள் மெச்சிவிட்டார். மறு நொடிதான் உறைத்தது.

"ஐயையோ!" என்று பாய்ந்துபோய் டஸ்டரைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "இன்னொரு தடவை போடு, தாயே."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். இந்த முறை வரிக்கு வரி கூடவே பார்த்தார். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓரத்தில் துணைக்கணக்குக்கு ஒரு கோடு, மீதிக்கு ஒரு சின்ன வட்டம். அசல் ரப்பர் சார் போக்கு.

"பத்தாம் வகுப்பு," என்று பதிவேட்டில் எழுதினார் மேடம். "ஆனா இங்க எதையும் அழிக்கக் கூடாது, தெரியுதா?"

"சரி மேடம்," என்ற சில்வண்டுக்கு அப்போதுதான் பல் தெரிந்தது.

பலகையைத் துடைக்க மேடம் கையை நீட்டினார். அப்பா டஸ்டரைக் கொடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுமே மேடம்," என்றார். "எங்க பள்ளிக்கூடத்துல இதைப் பாக்க விட்டதே இல்ல."