ஆராயியைக் கைவிட்டது யார்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுடையது. ஒருத்தி சொல்ல, ஒருத்தி கேட்டுக்கொண்டு வந்தாள். நான் மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை விரித்துவைத்து, சந்தேகம் வராமலிருக்கப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் முன்னால் அனுப்பியிருந்தேன். கதை சூடு பிடித்த நேரத்தில் நல்லூர் வந்துவிட்டது. இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் நாவலில் ஒரு பிரபு செத்துக் கிடக்கிறார். எந்தப் பக்கத்தில் செத்தார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே இதில் பாதி கேட்டது, மீதி இட்டுக்கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள். நம்ப முடியாத இடங்களெல்லாம் கேட்டவை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி—'

[வேண்டாம். இது 1973, ஆனி மாதம், விருத்தாசலம். கையுறை மாட்டினால் பெண்ணுக்கு வேர்க்குரு வந்துவிடும்.]

இரண்டாவது முயற்சி:

'பீங்கான் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிற கொளஞ்சியப்பனால் தன் குடும்பத்தை மட்டும் ஒட்டவைக்க—'

[இதை எழுதியதும் எழுந்துபோய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் வேலை உண்மையிலேயே அதுதான். பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவது. நான் என்ன செய்ய?]

மூன்றாவது முயற்சி, அலங்காரம் இல்லாமல்:

விருத்தாம்பாளுக்குச் சிதம்பரத்தில் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அங்கே தங்கிப் படிக்க ஸ்காலர்ஷிப் என்கிற உபகாரச் சம்பளம் வேண்டும். அப்பா கொளஞ்சியப்பனின் சம்பளத்தைக் கணக்கில் எடுத்தால் அது கிடைக்காது. அவர் சம்பளம் வரம்புக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அவர் இந்த வீட்டில் இல்லை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தனியாக அறை எடுத்து இருக்கிறார். இங்கே அம்மா ஆராயி ஜாக்கெட் தைத்துத்தான் அடுப்பு எரிகிறது. அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்கள் என்று தாலுகா ஆபீசில் சர்டிபிகேட் வாங்கிவிட்டால் போதும். ஊருக்கே தெரிந்த விஷயம். அதை நிரூபிப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று விருத்தாம்பாள் நினைத்தாள்.

(நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்று தாளைக்கூடக் குறைவாகத்தான் எடுத்தேன்.)

3

விசாரிக்க வந்தவர் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. கலியமூர்த்தி. அவருக்கு நான் முதலில் முறுக்கிய மீசையும் புலிக்கண்ணும் வைத்திருந்தேன். பஸ்ஸில் கேட்டதை நினைத்துப் பார்த்தால் மனுஷர் பாவம், செருப்பு வார் அறுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தவர். மீசையை எடுத்துவிட்டேன்.

அவர் முறைப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்தார். விருத்தாம்பாள் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் எதிர்வீட்டு ஜுலைகா. கடைக்கார வீட்டு அம்மாள், ஆராயியைவிட ஐந்தாறு வயது மூத்தவள். வெளியூர் ஆள் ஒருவர், கையில் ஃபைல், கல்யாண வயசுப் பெண் இருக்கிற வீட்டைக் காட்டி 'இவங்கப்பா இங்கதான் இருக்காரா' என்று கேட்கிறார். இதற்கு அந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் துப்பு விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஜுலைகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்களா? அப்படி ஒத்துமையான குடும்பத்த நீங்க இந்தத் தெருவுலயே பாக்க முடியாதுங்க."

அடுத்து சைக்கிள் கடை பாவாடை. அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். நேற்று சாயங்காலம்கூட கொளஞ்சியப்பன் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனார், தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.*

* மல்லிகைப்பூ நான் சேர்த்தது. அல்வா அவரே சொன்னது.

வந்தவர் தாலுகா ஆபீஸ்காரர் என்று தெரிந்த பிறகாவது மாற்றிச் சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கே சொல்லாததை சர்க்காருக்கா சொல்வார்கள்? வெளியாள் கேட்டால் ஒரு வீட்டைப் பிரித்துச் சொல்வதில்லை. அது அந்தத் தெருவின் மானம். தெரு முழுக்கக் கைகோத்துக்கொண்டு, நல்ல மனசோடு, விருத்தாம்பாளின் காலேஜுக்குக் குழி தோண்டியது.

ஆராயி தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். ஆர்.ஐ.யை வைத்துக்கொண்டே ஜுலைகாவைக் கேட்டாள்.

"ஏன் அக்கா, நான் அந்த ஆளை வீட்ட உட்டு அனுப்பினது ஒனக்குத் தெரியாதா? பொட்டியத் தூக்கி ரிக்‌ஷாவுல வச்சதே நீதான?"

"வச்சேன். அது நமக்குள்ள. கவர்மெண்டுக்கு எதுக்கு அது?"

4

[இந்த இடத்தில் விருத்தாம்பாள் அழவேண்டும். நான் படிக்கிற நாவல்களில் பெண்கள் இந்த மாதிரி நேரத்தில் சோபாவில் விழுந்து அழுகிறார்கள். இவளுக்கு சோபா இல்லை. பாய் சுருட்டி வைத்திருக்கிறது. தவிர, இவள் அழுகிற பெண்ணாக வரமாட்டேன் என்கிறாள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுகிறாள்.]

சைக்கிள் கடைப் பாவாடையிடம் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, ரயில்வே லைனைத் தாண்டி, அப்பாவிடம் போனாள். நீங்களே வந்து சொல்லிவிடுங்கள் என்றாள். கொளஞ்சியப்பன் உடனே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். தான் இந்த வீட்டில் இல்லை என்று சாட்சி சொல்ல, இந்த வீட்டுக்கே வந்து, வாசலில் செருப்பை அதற்குரிய மூலையில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

அதுவரை காத்திருந்த ஆர்.ஐ. அந்தச் செருப்பைப் பார்த்தார்.

ஆராயி கொளஞ்சியப்பனிடம் நேரே பேசுவதில்லை. மகளைப் பார்த்து, "யாரைக் கேட்டு உள்ள வந்தாராம்?" என்றாள். தன் மகளுக்குச் சாட்சி சொல்ல யாரையும் கேட்கத் தேவையில்லை என்று அவர் மகளிடம் சொன்னார். சட்டையில் பட்டன் அறுந்து இருக்கிறதாம், ஆபீசர் முன்னால் இப்படியா வருவது என்று அவள் மகளிடம் சொன்னாள். பட்டன் தைக்கிற கை இங்கே இருந்தால் அங்கே எப்படித் தைப்பது என்று அவர். அங்கே போகச் சொன்னது எதற்காக என்று மறந்துவிட்டதா என்று அவள். சண்டை ரசத்துக்குத் தாவி, நாத்தனாரில் நுழைந்து, என்றைக்கோ தொலைந்துபோன ஒரு குடையில் வந்து நின்றது. விருத்தாம்பாள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி கண்டாள். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆர்.ஐ. ஃபைலை மூடினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பிரிஞ்சு இருக்கிறவங்க இப்படிச் சண்ட போட மாட்டாங்க. எங்க வூட்டுலயும் தெனம் இதே சண்டதான்."

5

(கட்டுரை போல ஒரு பத்தி. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். தூர தேசத்து நாவல்களில் பிரிவதற்கு ஒரு ரயில் போதும். புகை வருகிறது, அவன் ஏறுகிறான், அவள் கைக்குட்டையை ஆட்டுகிறாள். யாரும் தாசில்தாரிடம் நிரூபிக்கச் சொல்வதில்லை. நம்மூரும் ஜங்ஷன்தான். எத்தனையோ ரயில் வருகிறது. எல்லாரும் சம்பந்தி வீட்டுக்குத்தான் போகிறார்கள்.)

6

ஏன் பிரிந்தார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. விருத்தாம்பாள் பத்தாவது படிக்கும்போது, யாரையும் கேட்காமல், கொளஞ்சியப்பன் அவளைத் தன் அக்காள் மகனுக்கு என்று வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டு வந்தார். ஆராயி அந்தத் தாம்பாளத்தை நாத்தனார் வீட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்து, அவருடைய பெட்டியைக் கட்டினாள். பெண் படித்து முடிக்கிறவரை இந்த வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்றாள். அவர் போனார். தப்பு என்று அவருக்கு அப்புறம் தெரிந்தது. திரும்பி வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை.

இதை விருத்தாம்பாள் ஆர்.ஐ.யிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். அறுந்த செருப்போடு நடந்தாலும் ஈரமுள்ள மனுஷர். சரி, எழுதித் தருகிறேன் என்றார். ஒரே ஒரு சிக்கல். சர்டிபிகேட்டில் மூன்று வகைதான் உண்டு. விதவை. கோர்ட்டில் தீர்த்துக்கொண்டவர். கணவனால் கைவிடப்பட்டவர்.

"மூணாவது போட்டுடறேன்" என்றார்.

"எழுதிக்குங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன். "கட்டுன பொண்டாட்டிய உட்டுட்டு ஓடிட்டான்னே எழுதிக்குங்க. எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

ஆராயி முதல்முறையாக அவரை நேரே பார்த்தாள்.

"ஓடறதுக்கு இவருக்கு எங்க தெரியும்? என்னைய யாரும் கைவிடல சார். நாந்தான் போகச் சொன்னேன். அப்படி எழுதுங்க."

"அப்படி எழுத எடமில்லம்மா."

"எடம் உண்டு பண்ணுங்க."

ஆர்.ஐ. எல்லார் முகத்தையும் பார்த்தார். மனு கொடுக்க நாளையோடு கடைசி. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி விருத்தாம்பாளிடம் நீட்டினார். மனு உன்னுடையது, பிரிந்த காரணம் எழுதுகிற மூன்றாவது வரியை நீயே எழுது, எழுதினதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

7

முடிவுகள்.

அ) விருத்தாம்பாள் 'கைவிடப்பட்டவர்' என்று எழுதுகிறாள். சிதம்பரம் போகிறாள். அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. [நல்ல முடிவு. எனக்குத் தூக்கம் வராது.]

ஆ) நடந்ததை நடந்தபடி எழுதுகிறாள். தாசில்தார் சிவப்பு மையில் திருப்பி அனுப்புகிறார். அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறாள். அத்தை மறுபடி தாம்பாளத்தோடு— [முடியாது. அதற்கா ஆராயி பெட்டி கட்டினாள்?]

இ) இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஜுலைகா பாயசம் வைக்கிறாள். [சேர்ந்தால் உபகாரச் சம்பளம் போச்சு. கடைசி அத்தியாயத்தில் சேருகிற பிரபுக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.]

இன்னொரு முடிவும் யோசித்து வைத்திருந்தேன். அதில் விருத்தாம்பாள் பேனாவை வாங்கி—

வாங்கிவிட்டாள். மை நுனியில் வந்து நிற்கிறது. அப்பா சட்டையின் பட்டன் இல்லாத இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நிற்கிறார். என்னால் இதற்கு மேல் போக முடியவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன், மூன்றாவது வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதும் முன் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆராயிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று உங்களைக் கேட்கமாட்டாள். மை காய்வதற்குள் தாளைக் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அவளே படிப்பாள்.