அண்ணாச்சியின் காது மிஷின்

எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கிறது, உச்சியிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், செண்பகவல்லி மணைப்பலகையில் கிழக்கே பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், தீபாவளி விடிகாலை, எண்ணெய் வைப்பது புருஷனின் அக்கா ராசம்மாள், அந்த வீட்டுக்கு மூத்த சுமங்கலி, மூத்தவள் எண்ணெய் வைக்கும்போது கையைத் தூக்கக் கூடாது, தலையை அசைக்கக் கூடாது, இடது காதில் மிஷின் இருக்கு மதினி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கரண்டி காதுக்குப் பின்னால் கொட்டியாயிற்று, கீச்சென்று ஒரு சத்தம், அதோடு உலகம் வாயை மூடிக்கொண்டது. தெரியாமல் ஊற்றினாளா, தெரிந்தே ஊற்றினாளா, அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் செண்பகவல்லிக்கு இதே யோசனை, மிஷினைத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தது அவள் புருஷன் வேலாயுதம், போன் நனைந்தால் அப்படித்தான் செய்வார்களாம், தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன், சில நாள் கழித்து எடுத்தால் அரிசியெல்லாம் எண்ணெய் வாடை, மிஷின் செத்தது செத்ததுதான்.

வலது காது சின்ன வயதுக் காய்ச்சலிலேயே போய்விட்டது, இருந்த ஒன்றும் இப்போது இல்லை, பூனாவிலிருந்து மகள் தமயந்தி சாயங்காலம் போன் செய்கிறாள், மாசமாக இருக்கிற பிள்ளை, வேலாயுதம்தான் எடுக்கிறான், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறான், வைத்துவிடுகிறான், என்ன சொன்னா என்று கேட்டால் கையை விரிக்கிறான், ஒன்றுமில்லையாம், ஒன்றுமில்லாததையா அவள் இவ்வளவு நேரம் பேசியிருப்பாள், எழுதி அனுப்பச் சொல்லேன் என்று சைகை காட்டுகிறான், எழுத்தில் குரல் வருமா. மதுரையில் கடைக்காரர் காகிதத்தில் எழுதிக் காட்டினார், உள்ளே முழுக்க எண்ணெய், சரிசெய்ய முடியாது, புதிதுதான் வாங்கவேண்டும், விலையைப் பார்த்ததும் இதுக்கு ஒரு கறவை மாட்டை வாங்கிக் கட்டலாமே என்று வேலாயுதம் சொன்னது அவன் உதட்டிலேயே தெரிந்தது, முகாமில் இனாமாகக் கொடுத்த பெட்டி மிஷின் நெஞ்சில் தொங்கிக்கொண்டு, சேலை உரசும் சத்தத்தை மட்டும் இரைச்சலாகக் கொடுத்தது, அதைக் கழற்றிப் பரண்மேல் எறிந்தாள். கடைக்காரர் இன்னொன்றும் எழுதியிருந்தார், தெரிந்தவர்களிடம் இதே கம்பெனி மிஷின் சும்மா கிடந்தால் கொண்டுவாருங்கள், உங்கள் காதுக்குத் தக்கபடி மாற்றி வைத்துத் தருகிறேன், காதுக்குள் போகும் அச்சை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், செலவு கொஞ்சம்தான்.

அப்படி ஒரு மிஷின் ஊர் உலகத்தில் யாரிடம் இருந்தது, ராசம்மாளின் புருஷன் அண்ணாச்சியிடம், அவர் தை மாதம் போய்ச் சேர்ந்தார், சாத்தூர் வீட்டில் மாலை போட்ட படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது அது, கெடுத்தவள் வாசலிலேயே போய்க் கையேந்த வேண்டியிருக்கிறதே என்று செண்பகவல்லிக்கு வயிறு எரிகிறது, ஆனாலும் போய் நிற்கிறாள், ராசம்மாள் காதோடு வாயை வைத்துத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறாள், அவுக போயி முழுசா ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள அவுக காதைக் கேட்டு வந்துட்டியா, நீங்க எண்ணெய் ஊத்தித்தான மதினி என் காது போச்சு, ஊத்தினா என்னட்டி, கழட்டி வச்சிட்டு வந்து உக்காரணும்னு உனக்குப் புத்தி வேண்டாமா. செண்பகவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள், பின்னாலிருந்து முழங்கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் எதையோ திணித்தாள் ராசம்மாள், மிஷின்தான், மறுபடி காதோடு வாய், எனக்கு இதக் கண்டாலே ஆகாது, நான் வாயத் தொறந்தா அந்த மனுசன் இதக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிடுவாரு, ஒருநாளும் நான் சொன்னத முழுசாக் கேட்டதில்ல, கொண்டுபோ, ஆனா ஒண்ணு, நான் வந்து பேசி முடிக்குமட்டும் நீ கழட்டக் கூடாது, கழட்டினா அன்னைக்கே புடுங்கிட்டுப் போயிருவேன்.

மதுரைக்குப் போய் அச்சு செய்து மாட்டி வந்த சாயங்காலமே போன், அம்மா, கேக்குதாம்மா, என்றாள் தமயந்தி, கேக்குதுடி, எல்லாம் கேக்குது என்று சொல்லிவிட்டுச் செண்பகவல்லி போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள், பிள்ளை உதைப்பதை மகள் சொல்லச் சொல்ல இவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு அடங்கிய மறுநாளே வாசலில் ராசம்மாள், தண்ணீர்கூடக் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பிக்கிறாள், செவிடுன்னு ஒரு வார்த்தை சொல்லாம என் தம்பி தலையில கட்டிட்டாக, எங்க ஆத்தா அந்த ஏக்கத்துலயே போனா, எம்மக சடங்குக்கு நீ உடுத்தின சேலையப் பாத்து ஊரே சிரிச்சுது, உங்க அண்ணாச்சியக் கிடத்தியிருக்கையில நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாட்டி, வேலாயுதம் மெதுவாகக் கடைப்பக்கம் நழுவிவிட்டான், செண்பகவல்லியின் விரல் காதுக்குப் போகிறது, அண்ணாச்சியின் விரல் எப்படி ஓடியிருக்கும் என்று இப்போது புரிகிறது, பாவம், நல்ல மனுஷன், கழற்றிவிட்டால் இந்த விஷம் நின்றுவிடும், மகளின் குரலும் நின்றுவிடும், விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொள்கிறாள், இருபத்தைந்து வருஷத்து வசவு, ஒரு சொல் விடாமல். பேசிப் பேசி ராசம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தாள். செண்பகவல்லி போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

உக்காருங்க மதினி, இனி நான் பேசணும், அண்ணாச்சி கழட்டி வச்சாக, நெனச்சா நானும் கழட்டலாம், உங்களுக்குத்தான் கழட்ட ஒண்ணுமில்ல.

ராசம்மாள் மூடிய கதவைப் பார்த்தாள், பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.