பத்துக்கு இரண்டு

வடக்கே, ஹிந்தி புழங்கும் வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். மார்க் போடுவதில் எஸ்தர் மேடத்துக்குக் கை வராது என்று பிள்ளைகள் புலம்புவார்கள். உண்மைதான்.

போன வருஷம் என் இடது கண்ணுக்குக் கீழே மிளகளவில் ஒன்று கிளம்பியது. தோல் புற்றுநோய் என்றார்கள். டாக்டர் பேட்கர் அதை வெட்டியெடுத்து, கன்னத்துத் தோலை இழுத்துத் தைத்தார். நோய் சுத்தமாகப் போய்விட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தையல் இழுத்த இழுப்பில் கீழ் இமை இறங்கிவிட்டது. எந்நேரமும் கண்ணில் நீர் வடிகிறது. போர்டு பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டால், 'மேடம் ரோ ரஹீ ஹை', மேடம் அழுகிறாராம், என்று பின் பெஞ்சில் கிசுகிசுக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பர் கொடுத்தார்கள். தழும்புக்குப் பத்துக்கு எத்தனை என்று நோயாளி ஒரு பக்கம் போட வேண்டும், டாக்டர் மறுபக்கம் போடுவார். இருந்த எரிச்சலில் இரண்டு என்று போட்டு, அடியில் கோடும் கிழித்தேன்.

டாக்டர் முகமெல்லாம் பல்லாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் இரண்டுதான் போட்டிருந்தார். "தழும்பு நல்லா இருக்குன்னு நாங்க சொன்னா நோயாளிங்க யாரும் ஒத்துக்கறதே இல்ல. நமக்கு மட்டும் ஒரே மார்க்!" என்றார் ஹிந்தியில். அந்தப் பேப்பரில் ஒன்று என்றால் சாதாரணத் தோல், பத்து என்றால் படுமோசம். மேலேயே அச்சடித்திருந்தது. கேள்வியை இரண்டு தடவை படி என்று ஊரான் பிள்ளைகளை விரட்டுகிற நான் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கணக்கு டீச்சர் எப்படி அதைச் சொல்வாள்? வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. கண் வடிவதை மட்டும் சொன்னேன். ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் என்றார்.

ஆகவில்லை. ஒரு வருஷப் பேப்பரில் நோயாளி ஏழுக்கு மேல் போட்டால்தான் இமையைத் தூக்கும் இரண்டாவது ஆபரேஷனுக்கு எழுதுவார்களாம், நர்ஸ் சொன்னாள். இன்றைக்கு அதற்காகவே போனேன்.

டாக்டர் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார். சைனபு, நம் தமிழ்நாட்டுப் பெண். கேம்ப் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் கன்னத்தில் அதே நோய், நாளைக்கு ஆபரேஷன். முகம் கெட்டுவிடும் என்று பயந்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிப்போனவளாம்.

"இவங்களைப் பாருங்க, கோடு தெரியுதா?" என்று அவளிடம் என் கன்னத்தைக் காட்டினார்.

நான் பேப்பரை வாங்கினேன். இரண்டு தடவை படித்தேன். அழுத்தமாக ஒன்பது போட்டேன்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உல்டா போட்டுட்டீங்க மேடம். நிறையப் பேர் இப்படித்தான்." என் ஒன்பதை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"இல்ல டாக்டர், அன்னிக்குப் போட்டதுதான் தப்பு. இதுதான் சரி."

"கணக்கு டீச்சர் தப்பாப் போடுவாங்களா? அன்னிக்குக் கோடெல்லாம் போட்டு அடிச்சுச் சொன்னீங்களே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கலாமா என்று இருந்தது. அதற்குள் இந்தப் பாழாய்ப்போன கண் வழிய ஆரம்பித்துவிட்டது.

டாக்டர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார். "பாருங்க, எவ்வளவு நெகிழ்ந்து போயிட்டாங்க," என்றார் சைனபுவிடம்.

அவள் என் கண்ணையே பார்த்தாள். மெதுவாகத் தமிழில் கேட்டாள். "டீச்சர், இந்தக் கண்ணு எப்பவும் இப்படித்தான் வடியுதா?"

அவள் பர்தாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்திருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. இந்தத் தடவை போனால் அவள் திரும்பி வரமாட்டாள், கன்னத்தில் இருப்பது வளர்ந்துகொண்டே இருக்கும்.

"இல்லம்மா," என்றேன். "சந்தோஷம்."

ஹிந்தியிலும் இருக்கிற அந்த ஒரு வார்த்தை டாக்டருக்கும் புரிந்தது. தலையாட்டிக்கொண்டே என் ஃபைலை மூடினார்.